கேபினில் தண்ணீர் குடிக்காதவன்

ஏணியில் பாதி ஏறியதும் நெஞ்சில் ஓர் இறுக்கம் வந்தது. வலி என்று சொல்ல முடியாது. யாரோ உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, கொஞ்சம் நில் என்று சொல்வது போல இருந்தது. நின்றேன். போய்விட்டது. மேலே ஏறி கேபினில் உட்கார்ந்து அன்றைய வேலையை முடித்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் கிரேன் ஆபரேட்டர். கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன். அதில் தொங்கும் சின்ன அறைதான் கேபின். காலையில் ஏறினால் ஷிஃப்ட் முடிந்துதான் இறங்குவேன். மதியச் சாப்பாட்டைக்கூடக் கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்வேன். கீழே நிற்கும் சிக்னல்காரர் கையைக் காட்டுவார். நான் தூக்குவேன், நகர்த்துவேன், இறக்குவேன். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. நாலு பேர் நடுவில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உலகத்தில் இல்லை.

பேச வராததால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டவன், ஆனால் செய்தித்தாளை விட்டதில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை ஒத்துக்கொள்ளாமல், உடம்பும் பருமனாக இருந்து, இனி என்ன வழி என்று உட்கார்ந்திருக்கும் ஒருவர் இதைப் படிக்கலாம். அவரிடம் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது. வழி இருக்கிறது.

அந்த இறுக்கம் மறுவாரமும் வந்தது. அடுத்த முறை கேபினுக்குள்ளேயே வந்து, கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கும்போது என் கை நின்றுவிட்டது. கீழே சிக்னல் கொடுக்கும் சீனு, சத்தியவேட்டுப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர், கையை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். எப்படியோ கட்டை இறக்கிவிட்டு நானும் இறங்கினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"நைனா, ஊட்டுக்குப் போன் போடட்டுமா?"

திருவள்ளூர் மருத்துவமனையில் ஆஞ்சியோகிராம் (ரத்தக் குழாய்க்குள் சாயம் செலுத்திப் படம் எடுப்பது) செய்தார்கள். ஒரு குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் (அடைத்த இடத்தை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைத்தார்கள். எடை நூறு கிலோவைத் தாண்டியிருந்தது. எல்.டி.எல். (கெட்ட கொழுப்பு) இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரைகளும், கொழுப்புக்கு ஸ்டாடினும் (கல்லீரல் கொழுப்பு உண்டாக்குவதைக் குறைக்கும் மாத்திரை) கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த சில வாரங்களில் தொடைகள் வலிக்க ஆரம்பித்தன. அடித்துத் துவைத்துப் போட்டது போன்ற வலி. பிறகு தோள். தரையில் சாப்பிட உட்கார்ந்தால் எழ முடியவில்லை. என் மனைவி கலா இரண்டு கையையும் கொடுத்து இழுப்பாள்.

"நான் இன்னா கிரேனா மாமா, உன்னத் தூக்கி நிறுத்த?"

சிரிப்பாள். பின்பு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். கவரைப்பேட்டையில் எங்கள் வீடு சிறியது, சமையலறை கண்ணுக்கு எதிரேதான்.

ஆலையில் என்னைத் தரை வேலைக்கு மாற்றினார்கள். ஸ்டோர் வாசலில் நின்று, வருகிற லாரிகளுக்கு இடம் காட்டி, டிரைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். எனக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டதைவிட இது கடினம். நான் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. நெல்லூர் லாரிக்காரர் ஒருவர் கீழே இறங்கிவந்து, "ஏம்பா, வாயில கொழுக்கட்டை வெச்சுக்கினு கூப்டுறியா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் காது சூடாகியது.

பர்சனல் மேனேஜர் நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு, மழைக்காலம் வரைக்கும் பொறுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் ஆலை டாக்டர் தகுதி என்று சொல்லிவிட்டால் கேபின் எனக்கு. இல்லையென்றால் வேறு ஆள். "அப்புறம் ஸ்டோர்லயே செட்டில் ஆயிடுங்க தேவா, அதுவும் நல்ல வேலைதான்" என்றார். தலையை ஆட்டினேன். உள்ளுக்குள், ஏறியே தீர்வேன் என்றேன். ஏணி ஏறத் தொடை வேண்டும். அந்தத் தொடையைத்தான் மாத்திரை தின்றுகொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் மைத்துனர் இதே மாத்திரையை வருடக்கணக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிடுகிறார். பெரும்பாலானவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளும். நான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் இதய மருத்துவரும் சுலபத்தில் நிறுத்தவில்லை. அவரை நாங்கள் மேடம் என்போம். சி.கே. (தசை நைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) சோதித்தார். கூடியிருந்தது. நிறுத்திப் பார்த்தார், வலி போனது. வேறு வகை ஸ்டாடின், குறைந்த அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்றெல்லாம் மாற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் வலி திரும்பியது. கடைசியில், "இது உங்க கற்பனை இல்ல. உங்க தசைக்கு இது ஆகல. அவ்வளவுதான்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்கு நோய் பாதி போனது போல இருந்தது.

அன்று அவர் ஒரு தாளைத் திருப்பிப் போட்டு வயிறும் கல்லீரலும் வரைந்தார்.

"ரெண்டு பக்கத்துலேர்ந்து பிடிப்போம். எசெடிமைப்னு ஒண்ணு, சாப்பாட்டுலேர்ந்து கொழுப்பு குடல் வழியா உள்ள போறத தடுக்கும். பெம்பெடோயிக் ஆசிட்னு இன்னொண்ணு, கல்லீரல்ல உற்பத்தியக் குறைக்கும். ஸ்டாடின் மாதிரிதான், ஆனா தசைக்குள்ள போய் வேலை செய்யாது. ரெண்டும் ஒரே மாத்திரையா வருது. இது ஒரு பக்கம்."

"இன்னொரு பக்கம் இன்னாங்க மேடம்?" என்றாள் கலா.

"எடை. வாரத்துக்கு ஒரு ஊசி. செமாகுளூடைட். பசியக் குறைக்கும், சாப்பிட்டது வயித்துல மெதுவா இறங்கும். எடை குறைஞ்சா ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லாமே கொஞ்சம் இறங்கும். ஊசி போடுறோம்னு மாத்திரைய விடக் கூடாது. மாத்திரை இருக்குன்னு ஊசிய விடக் கூடாது."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நீளமான சுமையை ஒரு கிரேன் தூக்கினால் அது சாயும். இரண்டு கிரேனை இரண்டு முனையில் கட்டி ஒன்றாகத் தூக்குவோம். ஒன்று முந்தக் கூடாது, ஒன்று பிந்தக் கூடாது. வாய்வரை வந்தது, சொல்லக் கூச்சப்பட்டு விழுங்கிவிட்டேன். ஆனால் மருத்துவமனை நடைபாதை முழுக்க அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். கலா, "தனியா இன்னா சிரிப்பு?" என்று முறைத்தாள்.

ஊசி காப்பீட்டில் வரவில்லை. விலை குறைந்த வகைகள் கடைக்கு வந்திருந்ததால் எங்களால் அதை நினைத்துப் பார்க்க முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் வயிற்றில் போட்டுக்கொள்வேன். பேனா போன்ற ஊசி, எறும்பு கடிப்பது போலத்தான் இருக்கும். முதல் மாதம் குமட்டியது. கலா செய்த பிரியாணியில் பாதித் தட்டோடு கை நின்றது. அவள் முகம் வாடியது.

"என் கைமணம் போயிடுச்சா?"

"இல்ல கலா. வயிறு போதும்ங்குது."

அதை நானே நம்பவில்லை. என் வாழ்நாளில் வயிறு போதும் என்று சொன்னதே இல்லை. எந்நேரமும் உள்ளே ஒரு ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த டீ, அடுத்த போண்டா, அடுத்த சாப்பாடு என்று. அதை யாரோ அணைத்துவிட்டது போல இருந்தது.

குறைவாகச் சாப்பிடும்போது தசையும் கரையும் என்று மேடம் எச்சரித்திருந்தார். அதனால் முட்டை, சுண்டல், மீன் முதலில், சோறு பிறகு. மாலையில் ரயில் நிலையம்வரை நடை. ஷேர் ஆட்டோக்காரர் முன்பெல்லாம் என்னைப் பார்த்ததும் "அண்ணன் ஒரு ஆளு, ரெண்டு சீட்டு" என்று பின்னால் ஒருவரைக் குறைத்து ஏற்றுவார். ஒருநாள் அவர் தலையைத் திருப்பி, "கொஞ்சம் தள்ளிக் குந்து அண்ணாத்த, இன்னொரு ஆளு வருது" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

தொடை வலி வரவேயில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன். யாரும் பார்க்காதபோது ஸ்டோருக்குப் பின்னால் இருந்த இரும்புப் படியில் ஏறி இறங்கினேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு பாதிக்கும் கீழே வந்திருந்தது. மேடம் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அன்று பேருந்தில் பெரியபாளையம் வருவதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவரிடம் நானாகவே சொன்னேன்: "எனக்குக் கொழுப்பு கொறஞ்சிடுச்சிங்க." அவர் மடியிலிருந்த கீரைக் கட்டை நகர்த்திவைத்துவிட்டு, "நல்லதுபா" என்றார். முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் முதலில் பேசியது எனக்கு நினைவு தெரிந்து அதுதான்.

ஆலை டாக்டர் தகுதிப் பரிசோதனைக்கு நாள் குறித்தார். இதயப் பரிசோதனைத் தாள்களைப் பார்ப்பார், பிறகு அவர் கண் எதிரே ஏணி ஏற வேண்டும். சீனுவுக்கு என்னைவிட அவசரம். கேபினுக்குத் தற்காலிகமாக வந்தவர் கையைப் பார்க்காமல் தன் இஷ்டத்துக்கு ஓட்டுகிறார் என்று அவருக்குக் கோபம்.

"சீக்கிரம் மேல போ நைனா. அந்த ஆளுக்குக் கை காட்டிக் காட்டி எனக்குத் தோளே கயண்டுடுச்சு."

நல்ல கோடை. பரிசோதனைக்கு முந்தைய நாள் காலையில் எழுந்தபோது வலது கால் கட்டை விரல் சிவந்து, தக்காளி போல வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. பாதுகாப்பு ஷூவைப் பக்கத்தில்கூடக் கொண்டுவர முடியவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றியது.

என் மனம் ஒரே இடத்துக்குத்தான் ஓடியது. இந்த மாத்திரையும் ஒத்துக்கொள்ளவில்லை. இனி மூன்றாவது வழி கிடையாது. கொழுப்பு ஏறும், ஏணி போகும், காலம் முழுக்க ஸ்டோர் வாசலில் நின்று பெயர் கூப்பிடப் போகிறேன். கலா ஆட்டோ பிடித்து வரும்வரை சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன்.

மேடம் விரலைத் தொடாமல் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். யூரிக் அமிலம் (மூட்டில் தங்கினால் கடும் வலி தரும் கழிவுப் பொருள்) எகிறியிருந்தது. கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கொஞ்சம் கூடியிருந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

கலா முந்திக்கொண்டாள். "நல்லாத்தான் குடிப்பாரு மேடம்."

"அவர் சொல்லட்டும்."

நான் தரையைப் பார்த்தேன். "காலையில ஒரு சொம்பு. ஊட்டுக்கு வந்து ஒரு சொம்பு."

"நடுவுல?"

"நடுவுல குடிக்க மாட்டேங்க."

"இரும்பு ஆலையில, இந்த வெயில்ல, நாள் முழுக்கவா? ஏன்?"

"மேல பாத்ரூம் இல்லிங்க மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த மேல?"

சொல்லித்தான் ஆக வேண்டும். கலாவுக்குத் தெரியாது, சீனு வந்து சொல்ல முடியாது. ஒரு பெண் மருத்துவர் முன்னால் சிறுநீர் பற்றிப் பேச வேண்டும். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால் மாத்திரையைக் குற்றவாளி ஆக்கி நிறுத்திவிடுவார்கள். நான் என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினேன்.

கிரேன் ஓட்டுபவர்கள் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் ஒன்றுக்கு வரும். வந்தால் இறங்க வேண்டும். ஓர் ஆள் இறங்கினால் கிரேன் நிற்கும், கிரேன் நின்றால் கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். திரும்ப அத்தனை உயரம் ஏறவும் வேண்டும். அதனால் வேலைக்கு வந்த புதிதிலேயே நாக்கை நனைத்துக்கொண்டு அடக்கிவைக்கப் பழகிவிடுவோம். யாரும் சொல்லித் தருவதில்லை, தானாகப் பழகிவிடும்.

மேடம் முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாக, "இப்ப கீழதானே இருக்கீங்க? பக்கத்துல குழாய் இருக்குமே" என்றார்.

"இருக்குதுங்க. பழகிப்போச்சு."

கலா என்னைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். "இத்தினி வருசமா என்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லல பாருங்க மேடம். கல்லுளிமங்கன்."

மேடம் விளக்கினார். பெம்பெடோயிக் ஆசிட் சிலருக்கு யூரிக் அமிலத்தை ஏற்றும். அதனால் கௌட் (மூட்டு வீங்கிச் சிவக்கும் வாதம்) வரலாம். எடை வேகமாகக் குறையும்போதும் அது ஏறும். ஊசி பசியோடு தாகத்தையும் மந்தமாக்கிவிடும். இத்தனைக்கும் மேலே தண்ணீரே குடிக்காத ஒரு பழக்கம். எல்லாம் சேர்ந்து கட்டை விரலில் வந்து உட்கார்ந்துவிட்டன.

"தண்ணி நிறைய குடிங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லி அனுப்புறேன். எவ்வளவு குடிக்கிறீங்கன்னு உங்களக் கேக்கல. கேட்டிருக்கணும்" என்றார்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "மாத்திரைய எடுத்துடுவீங்களா மேடம்?"

"கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போம். ஊசியும் வேண்டாம். எசெடிமைப் மட்டும் தனியா போட்டுக்கோங்க. விரல் ஆறட்டும், சிறுநீரகம் சரியாகட்டும். யூரிக் அமிலத்துக்கு ஒரு மருந்து சேர்த்துத் திரும்ப ஆரம்பிப்போம். ஆனா நீங்க தண்ணி குடிக்கணும். தாகம் வரும்னு காத்திருக்காதீங்க. வராது."

ஆலை டாக்டர் பரிசோதனையை மழைக்காலத்தின் தொடக்கத்துக்குத் தள்ளிவைத்தார். அதுதான் கடைசி வாய்ப்பு.

தாகமில்லாமல் தண்ணீர் குடிப்பது இவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியாது. மறந்துபோவேன். சீனு தரையின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, கிரேனுக்குக் காட்டுவது போலவே எனக்கும் சிக்னல் காட்டுவார். கட்டை விரலை வாய்ப் பக்கம் காட்டிக் கையைச் சாய்ப்பார். நான் குடித்து முடிக்கும்வரை கையை இறக்க மாட்டார். லாரி டிரைவர்களும் பார்த்துப் பழகி, அந்த நெல்லூர்க்காரரே ஒருநாள் "ஏம்பா, தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் லாரியை உள்ளே விட்டார்.

விரல் ஆறியது. கிரியாட்டினின் இறங்கியது. மாத்திரையையும் ஊசியையும் குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். ஒவ்வொரு காலையும் எழுந்ததும் முதலில் கட்டை விரலைப் பார்ப்பேன். சாதாரண விரல். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். நிறுத்தியிருந்த வாரங்களில் கொஞ்சம் ஏறிய கொழுப்பும் எடையும் மறுபடி இறங்கின. முன்பைவிட மெதுவாக, ஆனால் இறங்கின.

பரிசோதனை நாளன்று மழை பெய்து விட்டிருந்தது. ஆலை டாக்டர், பாதுகாப்பு அதிகாரி, சீனு மூவரும் ஏணிக்குக் கீழே நின்றார்கள். டாக்டர் என் நாடியைப் பார்த்துவிட்டு, "அவசரமில்ல. முடியலன்னா நின்னுடுங்க" என்றார்.

ஏறினேன். அந்த உள்ளங்கை எங்கே வரும் என்று காத்துக்கொண்டே ஏறினேன். பாதி ஏணி வந்தது. வரவில்லை. தொடை தன் வேலையைச் செய்தது, கை தன் வேலையைச் செய்தது. எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. மேலே போய்க் கதவைத் திறந்தேன். முன்பு ஒருக்களித்து நுழைவேன். அன்று நேராக நுழைந்தேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் இடம் மிச்சமிருந்தது. யாருடைய நாற்காலியிலோ உட்கார்ந்துவிட்டோமோ என்று ஒரு கணம் திகைத்தேன்.

கீழே டாக்டர் இறங்கச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தார். சீனு அவருக்குப் பின்னால் நின்று, வேண்டாம் இரு என்று கையைக் காட்டினார்.

கேபின் எனக்குத்தான் என்று அந்த வாரமே சொல்லிவிட்டார்கள்.

இப்போதும் ஊசி போடுகிறேன், மாத்திரை சாப்பிடுகிறேன். எத்தனை காலம் என்று கேட்டேன். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பலாம், அதை அப்போது பார்ப்போம் என்றார் மேடம். அது என்னைப் பயமுறுத்தவில்லை. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் வேலையில், உங்கள் வீட்டில், எல்லாரும் செய்வதால் யாரும் பேசாத ஏதாவது ஒரு பழக்கம் இருக்கும். மருந்து தொடங்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.

எனக்குள் நேரம் மாறிவிட்டது. முன்பு என் ஷிஃப்ட் இரண்டே துண்டுகள்: அடுத்த சாப்பாடுவரை, அதன் பிறகு அடக்கிக்கொண்டு முடியும்வரை. இடையில் இருந்த பொழுதை நான் பார்த்ததே இல்லை. இப்போது பசியும் அவசரப்படுத்துவதில்லை, வலியும் இல்லை. காலை பெரியதாக இருக்கிறது. கூரைத் தகட்டின் இடுக்கில் வெயில் நகர்ந்துபோவது தெரிகிறது.

திரும்பிப் போன முதல் நாள், முற்பகலிலேயே பாட்டில் காலியாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் முட்டியது. பழைய ஆளாக இருந்தால் பல்லைக் கடித்திருப்பேன். சுமையைத் தரையில் இறக்கி, கொக்கியைக் காலியாக மேலே ஏற்றிவிட்டு, கிரேனை அணைத்தேன். ஏணியில் இறங்கத் தொடங்கினேன்.

கீழே எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். வேலை நின்றது. சீனு ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது.

"இன்னா நைனா, நெஞ்சா?"

அத்தனை கண்களும் என் மேல் இருந்தன. நான் ஏணியில் நின்றபடியே சொன்னேன். ஆலை இரைச்சலில் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஒண்ணுக்குப் போறேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்தேன். போய்விட்டு வந்து, குழாயில் பாட்டிலை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு, நடுப்பகலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மறுபடியும் ஏணியில் ஏறினேன்.